தமிழ் நாட்காட்டி நிரல்: மாதப் பிறப்பில் மாட்டிக்கொண்டேன், உதவி தேவை

நண்பர்களே, பைத்தான் நிரல்மொழி இப்போதுதான் கற்றுக்கொண்டிருக்கிறேன், பழகுவதற்காக வீட்டுக்கென ஒரு தமிழ் நாட்காட்டி எழுதிப் பார்க்கிறேன். கோள் நிலைகளுக்கு ஸ்விஸ் எஃபிமெரிஸ் என்ற மென்பொருள் நூலகம், ராசிகளின் தொடக்கத்தை நட்சத்திரங்களோடு பொருத்தக் கழிக்கும் கோணத்துக்கு லாஹிரி அயனாம்சம். திதி பரவாயில்லை, சூரியனுக்கும் சந்திரனுக்கும் உள்ள கோண வித்தியாசத்தை 12 பாகையால் வகுத்தால் வந்துவிடுகிறது. இடிப்பது மாதப் பிறப்புதான். அஸ்தமனத்துக்கு முன் சங்கராந்தி (சூரியன் அடுத்த ராசிக்குள் நுழையும் நேரம்) வந்தால் அன்றே 1ஆம் தேதி, பிந்தினால் மறுநாள் என்றுதான் எழுதியிருக்கிறேன், ஆனால் சங்கராந்தி சாயங்காலத்தை ஒட்டி வரும் மாதங்களில் மட்டும் சுவரில் தொங்கும் காலண்டரோடு ஒரு நாள் இடறுகிறது. அந்தக் காலண்டர் பழைய வாக்கியங்களை வைத்துக் கணிக்கும் வாக்கியப் பஞ்சாங்கம், நான் போட்டது இன்றைய வானியல் கணக்கான திருக்கணிதம் என்பதால் வரும் வித்தியாசமா? வாக்கியக் கணக்கை நிரலாக எழுதியவர்கள் இருந்தால் எங்கே தொடங்கலாம் என்று சொல்லுங்கள். அப்புறம், நேரத்தையெல்லாம் யுடிசியிலேயே (உலகப் பொது நேரம்) வைத்துக் கடைசியில் இந்திய நேரத்துக்கு மாற்றுவது சரிதானே? 'அதான் ஆப் இருக்கே' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், ப்ளீஸ்.