விளாம்பழச் செப்புத்தகட்டு ஓவியம்: வண்ணம் அக்காலத்ததா, பின்னர் தீட்டியதா?

கேள்வி – கடலோர வாசகி

நண்பர்களுக்கு வணக்கம். பழங்களை வரைந்த பழைய செப்புத்தகட்டு அச்சோவியங்களை ஆறு ஆண்டுகளாகச் சேகரித்து வருகிறேன். இதுவரை வாங்கியவை எல்லாம் ஆங்கிலத் தோட்டக்கலை நூல்களிலிருந்து பிரிந்து வந்த ஆப்பிள், பேரிக்காய், பிளம் படங்களே. இப்போது முதன்முறையாக, நான் சுவைத்து வளர்ந்த பழங்கள் இரண்டு ஒரே வணிகரிடம் விற்பனைக்கு வந்துள்ளன.

ஒன்று, தாவரவியலாளர் வில்லியம் ராக்ஸ்பர்க் எழுதி 1795 முதல் 1820 வரை லண்டனில் மூன்று தொகுதிகளாக வெளிவந்த சோழமண்டலக் கடற்கரைத் தாவர நூலிலுள்ள விளாம்பழம். மற்றொன்று, 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் பன்னிரண்டு தொகுதிகளாக வெளியான, மலபார்ப் பகுதித் தாவரங்களைப் பற்றிய ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ் நூலின் பலாப்பழம். இரண்டுமே வண்ணம் தீட்டியவை. இரண்டிலும் வண்ணம் அக்காலத்தது என்று வணிகர் உறுதி கூறுகிறார். பணம் செலுத்துவதற்கு முன் பத்து நாட்கள் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளவும் இசைந்துள்ளார். ஆய்வுக்கூட வசதி எதுவுமில்லாத நான், வெறும் கண்ணாலும் ஒரு லென்ஸாலும் எதை எதைப் பார்க்க வேண்டும் என்பதைத் தெரிவித்தால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி 1 – தாள்நேசன்

அம்மா, வணக்கம். தங்கள் கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. ராக்ஸ்பர்க்கின் 300 படங்களும் தொடக்கத்திலிருந்தே கையால் வண்ணமிட்டு விற்பதற்காகத் தயாரிக்கப்பட்டவை. ஹோர்த்துஸ் மலபாரிக்குஸோ கறுப்பு மையில் மட்டும் அச்சாகி வண்ணமின்றியே வெளிவந்த நூல். ஆகவே பலாப்பழத்தில் வண்ணம் இருந்தால், அதை நூலின் பழைய உரிமையாளர் எவரேனும் தீட்டச் செய்திருக்க வேண்டும். அல்லது நம் காலத்தில், தனித்தாளாக விற்கும்போது விலை கூடட்டும் என்று யாரோ தீட்டியிருக்க வேண்டும். நான் பார்த்த வண்ணத் தாள்களில் பெரும்பாலானவை இரண்டாம் வகையே.

முதலில் தாளைச் சாய்வான வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். செப்புத்தகட்டை அழுத்தி அச்சிட்டதால் படத்தைச் சுற்றி நான்கு புறமும் ஒரு பள்ளமான தகட்டுத் தடம் தெரிய வேண்டும். ஓரம் வெட்டப்பட்ட தாளில் மட்டுமே அது இல்லாமற் போகும். பிறகு தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். பதினேழாம் நூற்றாண்டுத் தாளில், அதை வார்த்த கம்பிச் சல்லடையின் நெருக்கமான கோடுகள் தெரியும். ராக்ஸ்பர்க் காலத்து ஆங்கிலத் தாள் பெரும்பாலும் கோடற்றது. சில தாள்களில் உற்பத்தியாளர் பெயரும் ஆண்டும் நீர்க்குறியாகத் தெரியும். ரூபாய் நோட்டைச் சோதிக்கும் புற ஊதா டார்ச்சின் ஒளியில் தாள் பளீரென்று நீலவெண்மையாக மின்னினால், அது இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிந்திய தாள் என்று கொள்ளலாம். கந்தல் துணியிலிருந்து செய்த பழைய தாள் அவ்வாறு மின்னாது.

அடுத்து வண்ணம். இங்கேதான் பொறுமை வேண்டும். தாளின் முன்பக்கத்தை விட்டுவிட்டு, பின்பக்கத்தை முதலில் பாருங்கள். பழைய பச்சை பலவற்றில் செம்புக் களிம்பு கலந்திருக்கும். அது ஆண்டுக்கணக்கில் தாளை அரித்து, இலையின் வடிவத்தைப் பின்பக்கத்தில் பழுப்பு நிழலாகப் பதித்துவிடும். இந்த நிழலைப் போலியாக உண்டாக்குவது எளிதன்று. ஆனால் பின்பக்கத்தில் தெரிவது பழுப்பாக இல்லாமல் அதே பச்சையாகவோ சிவப்பாகவோ இருந்தால் எச்சரிக்கை கொள்ளுங்கள். பழைய தாளுக்கு இட்ட பசை காலப்போக்கில் வலுவிழந்துவிடுவதால், அண்மையில் தீட்டிய நீர்வண்ணம் அதன் மேல் நிற்காமல் உள்ளே ஊறி மறுபக்கம் எட்டிப் பார்க்கும்.

ஹோர்த்துஸ் மலபாரிக்குஸின் படங்கள் இரு பக்க அளவில் அச்சாகி நடுவில் மடிக்கப்பட்டவை. அந்த மடிப்பைப் பெரிதாக்கிப் பாருங்கள். மடிப்பில் தேய்ந்து பிளந்த நார்களுக்குள்ளும் வண்ணம் இறங்கியிருந்தால், தாள் தேய்ந்த பிறகே அது தீட்டப்பட்டது என்பதில் ஐயமில்லை. தாள் பழையதாகும்போது தோன்றும் பழுப்புப் புள்ளிகளின் மேலே வண்ணம் படிந்திருந்தாலும் அப்படியே.

விளாம்பழத்துக்கு இன்னொரு துணையும் உண்டு. ராக்ஸ்பர்க்கின் நூல் பயோடைவர்சிட்டி ஹெரிடேஜ் லைப்ரரியின் இணையதளத்தில் முழுமையாகக் கிடைக்கிறது. வண்ணம் இடுபவர்கள் முன்மாதிரித் தாள் ஒன்றைப் பார்த்தே தீட்டினார்கள். எனவே பிரதிக்குப் பிரதி சாயல் சற்று மாறலாமே தவிர, எந்த இலைக்கு நிழல், ஓட்டில் எங்கே வெளிறல் என்பவை பெரிதும் ஒத்திருக்கும். அந்தப் படங்களுக்கு மூலமான ஓவியங்களை ராக்ஸ்பர்க்கிடம் பணியாற்றிய இந்திய ஓவியர்கள் வரைந்தார்கள். அவர்கள் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை என்பது அந்த நூலைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் என்னை வருத்துகிறது.

மறுமொழி 2 – அச்சுக்கூடத்தில் முப்பது ஆண்டு

தாள்நேசன் ஐயா கூறியவற்றோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். லென்ஸில் புள்ளிகள் தெரிந்தாலே போலி என்று முடிவுகட்டும் பழக்கம் சேகரிப்பவர்களிடையே பரவியிருக்கிறது, அது தவறு. நவீன ஆஃப்செட் அச்சின் புள்ளிகள் அணிவகுத்தாற்போல் ஒரே இடைவெளியில், நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று நான்கே நிறங்களில் இருக்கும். ஆனால் பழங்களின் பதமான தோலைக் காட்ட விரும்பிய அக்காலச் செதுக்கர்கள் தகட்டிலேயே கையால் புள்ளி குத்தினார்கள். ரிஸோவும் புவாத்தோவும் 1818 முதல் 1822 வரை பாரிஸில் வெளியிட்ட ஆரஞ்சு வகை நூலின் 109 படங்களும் இம்முறையில் வண்ணத்திலேயே அச்சாகி, பிறகு தூரிகையால் முடிக்கப்பட்டவை. அந்தப் புள்ளிகள் நிழலில் நெருங்கியும் ஒளியில் விலகியும் ஒழுங்கின்றி இருக்கும். ஜார்ஜ் புரூக்ஷாவின் 1812-ஆம் ஆண்டுப் பழ நூலில் 90 படங்கள் உள்ளன. அவை, தகட்டை அமிலத்தால் அரிக்கவைத்து நிழல் காட்டும் அக்வாடின்ட் முறையிலானவை. லென்ஸில் சேறு காய்ந்து வெடித்தாற்போன்ற நுண்வலை தெரியும். தங்களிடமுள்ள பிளம், பேரிக்காய்ப் படங்களையும் இந்தக் கண்ணோடு ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கையால் தீட்டிய இடத்தில் வண்ணத்தின் விளிம்பு, நீர் வற்றிய குளக்கரையைப் போல, நடுப்பகுதியை விடக் கருத்திருக்கும். பழத்தின் நிழற்பகுதியில் கோந்து பூசியிருந்தால், தாளைச் சாய்க்கும்போது அந்த இடம் மட்டும் பளபளக்கும்.

மறுமொழி 3 – நூலகப் பணியாளர்

இரண்டு படங்களும் எந்தப் பிரதியிலிருந்து பிரிக்கப்பட்டன, எப்போது பிரிக்கப்பட்டன என்று வணிகரிடம் எழுத்தில் கேளுங்கள். ஏற்கெனவே சிதைந்த தொகுதியிலிருந்து வந்த தாளுக்கும், முழுமையாக இருந்த நூலை இன்று கத்தியால் அறுத்தெடுத்த தாளுக்கும் பெரும் வேறுபாடு உண்டு. பின்னதை வாங்குவது அடுத்த நூலும் அறுபடுவதற்குப் பணம் கொடுப்பதாகும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

தாங்கள் கடலோரத்தில் வசிப்பதாகத் தெரிகிறது. உப்புக்காற்றும் ஈரமும் உள்ள வீட்டில் வெளிச்சுவரில் படத்தை மாட்டாதீர்கள். அமிலமற்ற பருத்தி அட்டையில் பொருத்தி, கண்ணாடி தாளைத் தொடாதபடி இடைவெளி விடச் சொல்லுங்கள். செலோடேப்பும் லாமினேஷனும் கூடவே கூடாது. அருங்காட்சியகங்கள் இத்தகைய தாள்களுக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) என்ற மங்கலான வெளிச்சமே கொடுக்கின்றன. வீட்டில் அதைப் பின்பற்ற இயலாதெனில், ஆண்டில் சில மாதங்கள் மட்டும் மாட்டிவிட்டு எஞ்சிய காலம் பெட்டியில் வையுங்கள். பெட்டியை மாதம் ஒருமுறையாவது திறந்து பாருங்கள். இராமபாணப் பூச்சிக்குத் தாளின் பசையும் ஓவியத்தின் கோந்தும் ஒன்றுபோல் விருப்பமானவை.

கேள்வி கேட்டவர் – கடலோர வாசகி

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று இரண்டு தாள்களையும் காலை வெளிச்சத்தில் பார்த்தேன். விளாமரத்தின் இலைகள் பின்பக்கத்தில் பழுப்பு நிழலாகப் பதிந்திருக்கின்றன. பழத்தின் ஓட்டிலுள்ள சொரசொரப்பு இணையத்திலுள்ள பிரதியோடு கோட்டுக்குக் கோடு, நிழலுக்கு நிழல் ஒத்துப்போகிறது. பலாவில் மடிப்பின் பிளவுக்குள் பச்சை இறங்கியிருக்கிறது. பின்பக்கத்திலும் அதே பச்சை ஊறித் தெரிகிறது. ஆனால் தாள் பழையது, கோடுகள் உண்மையானவை, படத்தின் மேலே மலையாள எழுத்தில் பெயர் தெளிவாக இருக்கிறது. அந்த எழுத்துகளை விட்டுக் கண்ணை எடுக்க மனம் வரவில்லை.

இரண்டும் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கட்டுக் குலைந்த தொகுதிகளிலிருந்து வந்தவை என்று வணிகர் எழுதித் தந்துள்ளார். விளாம்பழத்தைக் கேட்ட விலைக்கே வாங்கிக்கொள்கிறேன். பலாப்பழத்தை, வண்ணம் தீட்டாத தாள் ஒன்றுக்குரிய விலையில் தருவாரா என்று கேட்டு எழுதியிருக்கிறேன்; இல்லையெனில், வண்ணம் படாத பிரதி ஒன்று கிடைக்கும்வரை காத்திருப்பேன்.