ஆகனில் எனக்குக் கிடைத்த மனுசங்க

ஜெர்மனிக்குப் படிக்க வரப்போகிற பிள்ளைகள் போனில் கூப்பிட்டால் எல்லாரும் ஒரே பட்டியலைத்தான் வாசிப்பார்கள். விசாவுக்காகச் செலவுப் பணத்தை முன்கூட்டியே போட்டு வைக்கிற பிளாக்டு அக்கவுண்டில் 11,904 யூரோ போடணுமாமே, மாசம் 992தான் எடுக்க விடுவாங்களாமே, குக்கர் கொண்டு வரலாமா, பார்ட் டைம் வேலை கிடைக்குமா. எல்லாம் முடிந்து போனை வைக்கப் போகும்போது குரல் இறங்கும். "அக்கா, அங்க பழக ஆள் கிடைப்பாங்களா?" அந்தக் கடைசிக் கேள்விக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் அனுபவத்தில், பழகுவதற்கென்றே கூட்டுகிற கூட்டங்களில் ஒருத்தரும் தேறவில்லை. முதல் வாரத்து வரவேற்பில் ஜூஸ் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு எத்தனையோ பேரிடம் பேர், ஊர், கோர்ஸ் ஒப்பித்தேன். மறுவாரம் வகுப்பில் பார்த்தால் அவர்களுக்கும் என்னைத் தெரியவில்லை, எனக்கும் அவர்களைத் தெரியவில்லை. உருப்படியாகக் கிடைத்த ஆட்களெல்லாம் வேறு ஏதோ ஜோலியாகப் போன இடத்தில் கிடைத்தவர்கள்தான்.

முதலில் பார்சல். நான் படிப்பது ஆகனில், ஆர்.டபிள்யூ.டி.ஹெச். பல்கலைக்கழகத்தில். ஜெர்மனியின் மேற்கு ஓரம்; பெல்ஜியமும் நெதர்லாந்தும் கூப்பிடு தூரம். குடியிருப்பது லிஃப்ட் இல்லாத பழைய கட்டடத்தில், மூணாவது மாடி. இங்கே வீட்டுக்கு வீடு கதவு எண் பெரும்பாலும் கிடையாது. வாசலில் காலிங் பெல் பக்கத்தில் குடும்பப் பேரை ஒட்டியிருப்பார்கள், அதுதான் விலாசம். நமக்கு ஏது குடும்பப் பேர்? பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் அப்பா பேர் இருக்கிறது, ஆகவே என் பெல்லில் 'முருகேசன்'. கட்டடம் முழுக்க நான் ஃபிராவ் முருகேசன், அதாவது திருமதி முருகேசன். அப்பாவிடம் சொன்னேன். "ஏட்டி, உங்கம்மைக்குத் தெரிஞ்சா சண்டைக்கு வருவா" என்றார்.

பார்சல் வரும்போது ஆள் இல்லையென்றால், டெலிவரிக்காரர் அதே கட்டடத்தில் வேறு பெல்லை அடித்து அங்கே கொடுத்துவிட்டு, 'இன்னார் வீட்டில் இருக்கிறது' என்று ஒரு சீட்டை லெட்டர் பாக்ஸில் போட்டுவிட்டுப் போய்விடுவார். இங்கே பரீட்சை வருவது லெக்சர் எல்லாம் முடிந்த பிறகு. பிப்ரவரியில் நான் பகல் முழுக்க வீட்டில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பது டெலிவரிக்காரருக்கு எப்படியோ தெரிந்துபோயிற்று. பூனைத் தீவன மூட்டை, ஒயின் பெட்டி, யாரோ குழந்தையின் ஸ்னோ பூட்ஸ், எல்லாம் என் அறைக்கு வந்து சேர்ந்தன. சாயங்காலம் ஆனால் சீட்டும் கையுமாக ஒவ்வொருத்தராக மாடி ஏறி வருவார்கள். பூனைக்காரர், ஒயின்காரர், இரண்டாம் மாடியில் செல்லோ வாசிக்கிற பொண்ணு. அந்தச் செல்லோ சத்தத்துக்குச் சொந்தக்காரி யாரென்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

கீழ்த்தளத்துப் பாட்டிக்கு எண்பது தாண்டியிருக்கும். அவருக்கு வந்தது பின்னல் நூல். மூணு மாடி ஏற வைக்க வேண்டாமென்று நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். உள்ளே உட்காரவைத்து காபி போட்டு, ஒரு தகர டப்பாவைத் திறந்து பிரின்டன் வைத்தார். ஆகனின் அடையாளமே அதுதான்: இஞ்சி, சோம்பு, பட்டை மணக்கிற பிஸ்கட், கல் மாதிரி இருக்கும். நான் கடிக்கப் போனதும், முக்கித் தின்னும்படி ஜாடை காட்டினார். வர்க்கியை டீயில் முக்கித் தின்று வளர்ந்தவளுக்கு இதையெல்லாம் சொல்லித் தர வேண்டுமா?

அந்தக் காபியைப் பற்றி அவர் சொன்ன கதைதான் விசேஷம். இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில் ஜெர்மனியில் காபிக்கு ஏகப்பட்ட வரி, எல்லை தாண்டினால் பெல்ஜியத்தில் மலிவு. அதனால் ஆகன் சுற்றுவட்டாரமே காபி கடத்தியிருக்கிறது. பெரியவர்கள் மட்டுமில்லை, கூட்டம் கூட்டமாகச் சின்னப் பசங்களும். பாட்டியின் அண்ணன் கால்சட்டைக்குள் கட்டிக்கொண்டு வருவானாம். 1953இல் வரியைக் குறைத்த பிறகுதான் அந்தத் தொழில் படுத்தது. பக்கத்தில் ஷ்மிட் என்ற ஊரில் போரில் இடிந்த தேவாலயத்தைத் திரும்பக் கட்டியதில் கடத்தல்காரர்கள் போட்ட காசும் உண்டு என்பதால், இன்னும் அதற்கு 'புனித மோக்கா' என்று பட்டப்பெயர் இருக்கிறது; மோக்கா என்றால் காபி. இந்த ஊருக்கு வந்ததும் ஒரு டூர் கைடுக்குக் காசு கொடுத்திருந்தேன். அவர் சார்லமேன் மன்னனோடு நிறுத்திவிட்டார்.

அடுத்தது சமையலறை. எங்கள் வீட்டில் மூணு பேர். ஈரானிலிருந்து வந்த ஒரு பொண்ணு, ஐஃபெல் மலைப்பக்கத்துப் பையன் ஒருத்தன், நான். ஐஃபெல்காரன் பாத்ரூம் கழுவும் முறையை ஃபிரிட்ஜில் அட்டவணை போட்டு ஒட்டியிருக்கிறான், எந்தக் குப்பை எந்த நிறத் தொட்டியில் என்று பரீட்சையே வைப்பான். நல்ல பையன்தான், அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

ஈரான்காரியோடு நெருக்கமானது சோற்றால். அவள் அரிசியை அரைவேக்காடாக வடித்து, சட்டியில் எண்ணெய் ஊற்றிக் குவித்து, மூடியைத் துணியால் சுற்றி இறுக்கி, சிறு தீயில் வைத்துவிடுவாள். முக்கால் மணி நேரம் தொட மாட்டாள். எனக்குப் பதறும். அடிப்பிடிக்கிற வாசனை வருகிறது, இவள் பாட்டுக்குப் போன் பார்த்துக்கொண்டிருக்கிறாள்! "தீயுது பாரு" என்று நான் எழுந்தால், உட்காரச் சொல்லிக் கையைப் பிடித்து இழுப்பாள். அப்புறம் ஒரு பெரிய தட்டை மேலே கவிழ்த்து, சட்டியைத் தலைகீழாகத் திருப்பித் தட்டுவாள். சோறு கீழே இருக்க, மேலே பொன்னிறத்தில் மொறுமொறுவென்று ஒரு வட்டம். தஹ்திக் என்று பேர். எங்கள் அம்பாசமுத்திரம் வீட்டில் அது காந்தல். அம்மா தண்ணீர் ஊற்றி ஊறவைத்துச் சுரண்டிப் போடுவாள். அவர்கள் வீட்டில் அதற்குச் சண்டையே நடக்குமாம், விருந்தாளிக்குத்தான் முதல் துண்டு. அவள் தட்டிலிருந்து பெரிய துண்டாக ஒடித்து என் தட்டில் வைத்தாள். கூட நான் புளிக்குழம்பு ஊற்றிச் சாப்பிட்டதை அவளால் பார்க்கச் சகிக்கவில்லை. இரண்டாம் தடவை அவளும் ஊற்றிக்கொண்டாள்.

புராஜெக்ட் குழுவில் வந்தவர்களோடு வால்சர்பெர்க் ஏறினேன், மூணு நாட்டு எல்லையும் ஒரு கல்லில் சந்திக்கிற இடம். ஐரோப்பாவிலுள்ள நெதர்லாந்தின் மிக உயரமான இடமாம். 322 மீட்டர், அவ்வளவுதான்! பொதிகை மலையடிவாரத்துக்காரி என்ன சொல்ல, வாயை மூடிக்கொண்டேன். ஆளுக்கொரு நாட்டில் நின்று போட்டோ எடுத்தோம். அத்தோடு சரி.

ஹம் என்கிற ஊருக்குப் போனதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். ஆகனில் கிளம்புகிற ஆர்.இ. 1 ரயிலில் ஏறினால் கொலோன், டுசெல்டோர்ஃப், டோர்ட்முண்ட் வழியாக ஹம் ஸ்டேஷன் வரை ஒரே வண்டி. மாணவர் டிக்கெட்டே போதும், தனிக் காசு கிடையாது. அங்கே உவென்ட்ரோப் என்ற தொழிற்பேட்டைப் பகுதியில் காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிறது. 2002இல் கும்பாபிஷேகம் நடந்தது, 17 மீட்டர் ராஜகோபுரம். கட்டியவர்கள் ஈழத்தமிழர்கள். தேர்த் திருவிழாவுக்கு ஐரோப்பா முழுக்கவிருந்து ஆயிரக்கணக்கில் வருவார்கள்.

நான் போனது தேரன்று. டோர்ட்முண்டில் ஒரு குடும்பம் ஏறியது. அந்த அம்மா பட்டுப்புடவைக்கு மேல் ரெயின் ஜாக்கெட், தலை நிறைய மல்லிகை. ஜெர்மன் ரயில் பெட்டியில் மல்லிகை வாசம் வந்தால் யாருக்குத்தான் தலை திரும்பாது?

"பிள்ளை இந்தியாவோ?"

"ஆமா ஆன்ட்டி, திருநெல்வேலிப் பக்கம்."

"தனியவோ வந்தனீங்கள்? கோயிலுக்குத்தானே, எங்களோட வாங்கோ."

அவ்வளவுதான், அன்று முழுக்க நான் அந்த வீட்டுப் பிள்ளை. ஹம்மில் இறங்கி பஸ் ஏறும்வரை அங்கிள் தன் கதையைச் சொன்னார். 1984இல் வந்தவர். ஜெர்மனி இரண்டாகப் பிரிந்து கிடந்த காலம்; விமானத்தில் கிழக்கு பெர்லினில் இறங்கி, அங்கிருந்து ரயிலில் மேற்கு பெர்லினுக்கு வந்து தஞ்சம் கேட்டவர். அந்தக் காலத்தில் நம் ஆட்கள் நிறையப் பேர் வந்த வழி அது, 1985இல் அடைத்துவிட்டார்களாம். நான் யுனிவர்சிட்டி லெட்டரோடும் விசாவோடும் வந்து இறங்கி, ஹீட்டர் சரியில்லை என்று புலம்பியவள். அவர் அதைச் சொன்ன விதத்தில் புலம்பலே இல்லை, பஸ் ரூட் சொல்வதுபோலச் சொன்னார்.

மகள் டோர்ட்முண்டில் பிறந்தவள். அம்மாவோடு தமிழ், தம்பியோடு ஜெர்மன். என்னைக் கண்டதும் என்ன பேசுவதென்று யோசித்து ஜெர்மனில் ஆரம்பித்தாள். நானும் எனக்குத் தெரிந்த அரைகுறையில் பதில் சொன்னேன். அந்த அம்மா நடுவே புகுந்தார். "ரெண்டு தமிழ்ப் பிள்ளையளும் டொச்சில கதைக்கிறியள், நான் என்ன செய்யிறது?" பிறகு தமிழுக்கு வந்தோம். அவள் யாழ்ப்பாணத் தமிழை ஜெர்மன் உச்சரிப்பில் பேசினாள், நான் நெல்லைத் தமிழில். பாதி புரிந்தது.

தொழிற்பேட்டை ரோட்டில் தேர் வந்தது. வடம் பிடிக்கிற பெண்கள், காவடி, கற்பூரப் புகை, ஓரத்தில் நின்று பார்க்கிற ஜெர்மன்காரர்கள், போக்குவரத்தை நிறுத்திவிட்டு நிற்கிற போலீஸ். சாமிக்குப் பக்கத்துக் கால்வாயில் தீர்த்தமாடுகிற வழக்கமும் உண்டு. நெல்லையப்பர் தேரில் கூட்டத்துக்குப் பயந்து வடத்தை நான் தொட்டதே இல்லை. இங்கே அந்த அம்மா என் கையைப் பிடித்து உள்ளே தள்ளிவிட்டார். சாப்பாட்டுக்குப் பிறகு வெளியே கடைகள் பக்கம் போனபோது எனக்கு ரோல்ஸ் வாங்கித் தந்தார். காசு எடுத்தால் முறைத்தார்.

அதிலிருந்து ஞாயிறு தவறாமல் அந்த அம்மாவிடமிருந்து போன் வரும். "சாப்பிட்டனீங்களோ?" என்று தொடங்கி, சாப்பிட்டதென்ன என்று கேட்டு, திட்டில் முடியும்.

இப்போது அந்த மகளுக்கு ஆகனில் இடம் கிடைத்திருக்கிறது, கணினி அறிவியல். அறை பார்க்கும் பொறுப்பு என் தலையில். யாராவது ஆகனில் காலி பண்ணுகிறீர்களா? அக்டோபரிலிருந்து வேண்டும், ஹீட்டர் செலவு சேர்த்து 450 யூரோவுக்குள். மீன் குழம்பு வைத்தால் முகம் சுளிக்காத வீடாக இருக்கணும், இது அவளுடைய அம்மா போட்ட கண்டிஷன்.