மறு: ஸ்டோன்வேருக்கு ஒரு சொல், வெள்ளிக்குள் வேண்டும்

அன்பர்களே,
ஓர் இதழுக்கு அமெரிக்க நாட்டார் கலை பற்றிய கட்டுரையைத் தமிழாக்குகிறேன். பொருளாதார மந்த காலத்தில், 1935 தொடங்கி 1942 வரை, வேலையற்ற ஓவியர்களுக்கு அரசு சம்பளம் கொடுத்து பழைய கைவினைப் பொருள்களை நீர்வண்ணத்தில் வரையச் சொன்னது. சுமார் 18,000 படங்கள் வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கின்றன. என் கையில் இருப்பது அவற்றில் ஒரு படம்: சாம்பல் நிற ஸ்டோன்வேர் ஜாடி, வயிற்றில் கோபால்ட் நீலத்தில் ஒரு பறவை. ஆரஞ்சுத் தோல்போல் பொரிந்த மேற்பரப்பைக்கூட ஓவியர் விடவில்லை. ஸ்டோன்வேர் என்பதற்குக் 'கற்கலம்' போடலாமா?
– க.

கற்கலம் வேண்டாம். மாக்கல்லைக் குடைந்த கல்சட்டிதான் நினைவுக்கு வரும். இது மண், 1200 பாகை செல்சியஸுக்கு மேல் சுட்டதால் இறுகி, நீர் கசியாமல் ஆனது. 'வன்சுடுமண்' என் பரிந்துரை.
– செ.

வன்சுடுமண்ணா? பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி இருக்கிறது. ஊறுகாய் ஜாடி எல்லா வீட்டிலும் உண்டு. 'பீங்கான் ஜாடி' என்று எழுதிவிட்டு வேலையைப் பாருங்கள்.
– ம.

பீங்கான் வேறு ஐயா, அது வெள்ளைக் களிமண். ஜகரமும் எதற்கு? பெரும்பாணாற்றுப்படையில் 'வல்வாய்ச் சாடி'யில்தான் கள் விளைகிறது. சாடி, சால், தாழி மூன்றுக்கும் உறவு உண்டா என்று தனி இழையே தொடங்கலாம்.
– செ.

தொடங்காதீர்கள். அப்புறம், இந்த ஜாடியின் மேலுள்ள பளபளப்பான படலத்தை, அதாவது சால்ட் கிளேஸை, 'உப்புப் பூச்சு' என்று எழுதிவிடாதீர்கள். அங்கே யாரும் எதையும் பூசவில்லை. சூளை உச்சச் சூட்டில் இருக்கும்போது உப்பை உள்ளே வீசுவார்கள். ஆவியாகும் சோடியம் களிமண்ணின் சிலிக்காவோடு சேர்ந்து மேலே கண்ணாடியாகப் படியும். அந்தச் சூட்டிலும் கோபால்ட் நீலம் நிற்கும். இன்னொன்று, இந்தப் படத்தை 'நாட்டார் ஓவியம்' என்று எழுதினாலும் தப்பு. நாட்டார் கலை ஜாடியில் இருக்கிறது. படம் வரைந்தவர் தொழில்முறை ஓவியர். குயவர் ஒரே வீச்சில் இழுத்த பறவையின் வாலை இவர் மெல்லிய வண்ணத்தை அடுக்கடுக்காக ஏற்றி மெதுவாகப் பிடித்திருக்கிறார். படத்தில் ரசிக்க வேண்டியதே இந்த முரண்தான்.
– ந.

அப்படியானால் 'உப்பு மெருகு'?
– க.

மெருகு தேய்த்து வருவது. 'உப்புப் பளிங்கு' பொருந்தும்.
– செ.

மெருகே போதும். தங்கத்துக்கும் பேச்சுக்கும்கூட மெருகு என்கிறோமே.
– ம.

மெருகுக்கு என் ஓட்டும்.
– ந.

நன்றி. 'உப்பு மெருகேறிய சுடுமண் ஜாடி' என்று அனுப்பிவிட்டேன்.
– க.

'வன்' எங்கே போயிற்று? வெறும் சுடுமண் என்றால் பூந்தொட்டி.
– செ.