பழைய நாளிதழ்ப் படத்தின் புள்ளிகள்: கரைப்பதா, பிடுங்குவதா, ஏஐ-க்குக் கொடுப்பதா?

தேக்கா_திண்ணை:
சங்க ஆண்டுவிழாக் கண்காட்சிக்கு 1960களின் தமிழ் நாளிதழ்த் துணுக்கு ஒன்று கிடைத்திருக்கிறது. கறுப்பு வெள்ளைப் படம், 9 செ.மீ. அகலம், தாள் நன்றாகப் பழுப்பேறிவிட்டது. 300 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 300 பிக்சல்) ஸ்கேன் செய்தால் முகங்களின் மேல் அலையலையாகக் கோடு விழுகிறது. ஏஐ செயலியில் போட்டால் ஒரு நிமிடத்தில் பளிச்சென்று வருகிறது. ஏ3 அளவில் அச்சிட வேண்டும். எது சரி?

கறுப்பு_மை:
அந்த அலை தாளில் இல்லை, உங்கள் ஸ்கேனில்தான் பிறக்கிறது. நாளிதழ்ப் படம் என்பதே ஹாஃப்டோன் புள்ளிகள், அதாவது பெரிதும் சிறிதுமான மைப்புள்ளிகளால் நிழல் காட்டும் அச்சு. பழைய நாளிதழ்களில் அங்குலத்துக்கு 65 வரிசை என்பது சகஜம். 300ஐ 65ஆல் வகுத்தால் ஒரு புள்ளிக்கு 4.6 பிக்சல். புள்ளி வரிசையும் பிக்சல் வரிசையும் ஒத்துப்போகாமல் உரசுவதால் வருவதுதான் மொய்ரே. அதை அப்புறம் தேய்த்து எடுக்க முடியாது, ஸ்கேனையே மறுபடி எடுங்கள்.

1200 டிபிஐ, கலர், டிஃப் (தரம் குறையாமல் சேமிக்கும் கோப்பு வகை). ஜேபெக் வேண்டாம், புள்ளி ஓரங்களில் அது கசடு சேர்க்கும். தாளுக்குப் பின்னால் கறுப்பு அட்டை வையுங்கள், மறுபக்க எழுத்து ஊடுருவித் தெரிவது குறையும். படம் கொஞ்சம் இருட்டாகும், படச் செயலியின் லெவல்ஸில் வெளிச்சத்தைச் சரிசெய்துகொள்ளலாம். ஸ்கேன் வந்ததும் ரெட் சேனலை, அதாவது படத்தின் சிவப்பு அடுக்கை, மட்டும் எடுங்கள். பழுப்பு நீலத்தைத்தான் அதிகம் விழுங்கும், சிவப்பில் கறை பாதிக்குமேல் காணாமல் போயிருக்கும்.

பிறகு காசியன் பிளர், அதாவது படத்தை மங்கலாக்கிப் புள்ளிகளைக் கரைப்பது. 1200ஐ 65ஆல் வகுத்தால் புள்ளி இடைவெளி சுமார் 18 பிக்சல். அதில் பாதிக்குச் சற்றுக் குறைவாக, 7 முதல் 9 வரை ரேடியஸ். பிளர் முடித்த பிறகே 25 விழுக்காட்டுக்குச் சுருக்க வேண்டும். முதலில் சுருக்கினால் அதே மொய்ரே திரும்பி வரும். கடைசியில் விளிம்பைக் கூர்மையாக்க அன்ஷார்ப் மாஸ்க், ரேடியஸ் 1.5, அளவு 80, அவ்வளவுதான்.

சல்லடை:
ஸ்கேன் வரைக்கும் சரி. பிளர் விஷயத்தில் ஒத்துக்கொள்ள மாட்டேன். புள்ளியைக் கரைக்கும்போது புருவம், கண்ணாடிச் சட்டம், சேலைக் கரை எல்லாம் சேர்ந்தே கரையும். படத்தில் திரும்பத் திரும்ப வரும் வரிசைகளைப் பிரித்துக் காட்டும் எஃப்எஃப்டி கணக்கு இருக்கும்போது ஏன் இந்த வேலை?

அதற்கு இமேஜ்ஜே என்ற மென்பொருள் இலவசம். எஃப்எஃப்டி கொடுத்தால் நடுவில் ஒரு வெளிச்சம், அதைச் சுற்றிச் சாய்வாக நட்சத்திரம் மாதிரிப் பொட்டுகள். சாய்வுக்குக் காரணம், ஒற்றை நிற அச்சில் புள்ளி வரிசையை 45 பாகையில் வைப்பது வழக்கம். அந்தப் பொட்டுகளைக் கறுப்பால் அடைத்து இன்வெர்ஸ் எஃப்எஃப்டி கொடுத்துப் படமாகத் திருப்பினால் புள்ளிகள் மட்டும் போகும். நடு வெளிச்சத்தைத் தொட்டால் படமே போச்சு. பொட்டை வேண்டியதற்குமேல் பெரிதாக அடைத்தால் முக விளிம்பை ஒட்டி நீர்வளையம் மாதிரி நெளிவு வரும்.

கறுப்பு_மை:
தாள் கண்ணாடியில் தட்டையாகக் கிடந்தால் மட்டும். மடித்து வைத்த துணுக்கில் புள்ளி வரிசையே வளைந்திருக்கும், உங்கள் பொட்டுகள் தீற்றலாக விரியும். எதை அடைப்பீர்கள்? ‘பழுப்பேறிவிட்டது’ என்கிறார், மடிப்பு இல்லாமலா இருக்கும்?

சல்லடை:
மடிப்புக்கு இரு பக்கத்தையும் தனித்தனியாக வெட்டிச் செய்து ஒட்டலாம். நேரம் பிடிக்கும்தான். மிச்சமிருப்பதற்கு 3 பிக்சல் பிளர் போதும், 9 வேண்டாம்.

ஈசூன்_எக்ஸ்பிரஸ்:
இரண்டு பேரும் ஆய்வுக்கூடம் நடத்துகிறீர்கள் லா. கண்காட்சிக்கு வருகிறவர் இரண்டு மீட்டர் தள்ளி நின்று பார்ப்பார். ஏஐ முகத்தைத் தெளிவாக்கித் தருகிறது என்றால் அதில் என்ன குற்றம்?

கறுப்பு_மை:
கணக்கைப் பாருங்கள். 9 செ.மீ. என்பது 3.54 அங்குலம், 65ஆல் பெருக்கினால் 230. படத்தின் முழு அகலத்துக்கும் இருப்பது 230 புள்ளி. ஒரு முகம் ஒன்றரை செ.மீ. என்றால் 38 புள்ளி, ஒரு கண்ணுக்கு ஏழோ எட்டோ. அந்த ஏழெட்டுப் புள்ளியிலிருந்து இமைமுடி எங்கே வந்தது? செயலி வேறு யாருடைய கண்ணையோ வைத்திருக்கிறது. பேரப்பிள்ளை வந்து ‘இது எங்கள் தாத்தா இல்லையே’ என்றால் என்ன சொல்வீர்கள்?

ஏ3-உம் அதே கணக்கில்தான் அடிபடும். 42 செ.மீ.க்கு 230 புள்ளியை இழுத்தால் ஒவ்வொன்றும் 1.8 மி.மீ. ஏ5-க்கு மேல் போகாதீர்கள்.

ஈசூன்_எக்ஸ்பிரஸ்:
முகத்தை விடுங்கள். பின்னணிக்கு மட்டும் ஏஐ போடட்டும். சுவரையும் வானத்தையும் யார் அடையாளம் கேட்கப் போகிறார்கள்?

தேக்கா_திண்ணை:
பின்னணியில் தமிழ்ப் பெயர்ப்பலகை இருக்கிறதே.

சல்லடை:
அப்படியென்றால் அங்கேயும் வேண்டாம். மங்கலான தமிழ் எழுத்தைக் கண்டால் செயலி ‘கு’வுக்கும் ‘ரு’வுக்கும் நடுவில் புதிதாக ஓர் எழுத்தைப் படைத்துவிடும். தூரத்தில் எழுத்து போலவே இருக்கும், கிட்டே போனால் எந்த மொழியும் இல்லை.

இதே துணுக்கை நியூஸ்பேப்பர்எஸ்ஜி-யிலும் (சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் பழைய நாளிதழ் இணையத்தளம்) தேடிப் பாருங்கள். படத்துக்காக அல்ல. அங்குள்ள பக்கங்கள் பெரும்பாலும் மைக்ரோஃபிலிமிலிருந்து எடுத்தவை, நிழல்கள் அடைத்துப்போயிருக்கும். தேதியும் பக்க எண்ணும் கிடைக்கும், கிழிந்த படவிளக்கத்தையும் முழுதாக வாசிக்கலாம்.

கறுப்பு_மை:
படவிளக்கம் என்றதும் நினைவுக்கு வந்தது. அதைப் படத்தோடு சேர்த்துத் துப்புரவு செய்யாதீர்கள், பிளருக்கு முன்பே வெட்டித் தனியாக வையுங்கள். தூசி நீக்குகிறேன் என்று மீடியன் (சிறு பொட்டுகளை அக்கம்பக்கத்து நிறத்தில் கரைக்கும் வடிகட்டி) போட்டால் முதலில் சாவது மெய்யெழுத்தின் புள்ளி. 300 டிபிஐ-யில் அது மூன்று நான்கு பிக்சல்தான், மீடியன் 3 வைத்தாலே காணாது. ‘சங்கம்’ ‘சஙகம’ ஆகிவிடும். தூசியை ஒவ்வொன்றாக ஹீலிங் பிரஷ்ஷால் எடுங்கள், 100 விழுக்காட்டில் பார்த்துக்கொண்டே. 33 விழுக்காட்டில் பார்த்தால் இல்லாத மொய்ரேயைத் திரை காட்டும்.

தேக்கா_திண்ணை:
மடிப்பு ஒன்று இருக்கிறது, நல்லவேளையாக முகங்களுக்குக் கீழே, கால்கள் இருக்கும் பக்கம். மேல் பாதிக்கு எஃப்எஃப்டி, கீழ்ப்பாதிக்கு பிளர் போட்டுப் பார்க்கிறேன். ஏ3-க்குச் சட்டம் வாங்கியாகிவிட்டது, படத்தை ஏ5-இல் நடுவில் வைத்துச் சுற்றிலும் வெள்ளை விடப் போகிறேன்.

ஈசூன்_எக்ஸ்பிரஸ்:
இரண்டு பாதியும் ஒட்டும் இடத்தில் கோடு தெரியும், பார்த்துக்கொள்ளுங்கள்.

சல்லடை:
இரண்டு லேயராக வைத்து, மடிப்பை ஒட்டி மாஸ்க்கின் ஓரத்தை 40 பிக்சல் மங்கலாக்கினால் தெரியாது. சுருக்குவதற்கு முன் செய்யுங்கள்.