கிரப் பின்னணிப் படம்: "ஃபவுண்ட்" என்கிறது, திரையில் கறுப்புதான்

பெங்குவின்_தாசன்:
டெபியன் 12 லினக்ஸ், வட்டு குறியாக்கம் செய்தது, பூட் மட்டும் தனிப் பார்ட்டிஷன். கணினி தொடங்கும்போது வரும் கிரப் பட்டியலுக்குப் பின்னணிப் படம் வைக்க, /எட்சி/டிஃபால்ட்/கிரப் கோப்பில் கிரப்_பேக்ரவுண்ட் வரியில் ஹோமில் உள்ள ஜேபெக் படத்தின் பாதையைக் கொடுத்து, அப்டேட்-கிரப் ஓட்டினேன். "ஃபவுண்ட் பேக்ரவுண்ட் இமேஜ்: .பேக்ரவுண்ட்_கேஷ்" எனத் தொடங்கும் வரி வந்தது. ரீபூட் செய்தால் பட்டியலுக்குப் பின்னால் வெறும் கறுப்பு. வட்டு பூட்டியிருப்பதுதான் காரணமா? பாஸ்வேர்ட் கேட்கும் திரையிலும் இதே படம் வேண்டும்.

கட்டளைவரி:
வட்டு காரணமில்லை. கிரப்பால் நேரடியாக எட்ட முடியாத படத்தை டெபியனின் ஸ்கிரிப்ட் /பூட்/கிரப் உள்ளே நகலெடுத்து வைத்துவிடும். அந்தக் கேஷ் கோப்பு அதுதான். ஃபெடோரா லினக்ஸில் இந்த வசதி கிடையாது, அங்கே படத்தை நாமே பூட்டுக்குள் போட வேண்டும்.

"ஃபவுண்ட்" என்றால் கோப்பு இருக்கிறது, அவ்வளவே. அதைத் திறக்க முடியுமா என்று ஸ்கிரிப்ட் பார்ப்பதில்லை. கிரப்பின் ஜேபெக் டிகோடர் (படத்தைப் படிக்கும் நிரல்) மிகச் சிறியது: பேஸ்லைன் (மேலிருந்து கீழாக ஒரே தடவையில் சேமித்தது) மட்டும் தெரியும், ப்ரோக்ரஸிவ் (பல கட்டங்களாகத் தெளிவாகும்படி சேமித்தது) தெரியாது, சிஎம்ஒய்கே (அச்சுக்கான நிறமுறை) தெரியாது. இணையத்தில் இறக்கும் படங்களில் ப்ரோக்ரஸிவ் ஏராளம். வெப்பி என்ற வேறு வடிவப் படத்தின் பெயரை .ஜேபிஜி என மாற்றினாலும் இதே கதி, ஏனெனில் எந்த டிகோடர் என்பதைக் கிரப் கோப்பின் வால்பெயரை வைத்தே முடிவு செய்கிறது.

டெர்மினலில் ஃபைல் கட்டளையைப் படத்தின் மேல் ஓட்டுங்கள். "ப்ரோக்ரஸிவ்" என்று வந்தால் கிம்ப் பட எடிட்டரில் திறந்து, மோட் ஆர்ஜிபிதானா என்று பார்த்து, எக்ஸ்போர்ட் பெட்டியில் ப்ரோக்ரஸிவ் டிக்கை எடுத்துச் சேமியுங்கள். பிஎன்ஜி என்றால் இன்டர்லேஸிங் டிக்கை எடுக்க வேண்டும். பிறகு மீண்டும் அப்டேட்-கிரப்.

கிரப்_டெர்மினல்=கன்சோல் வரிக்கு முன் ஹேஷ் (#) இருக்கிறதா என்றும் பாருங்கள். ஹேஷ் இல்லையென்றால் அந்த வரி செயல்பட்டு வெறும் எழுத்துத் திரைதான் வரும், எந்தப் படமும் வராது.

மூன்றாம்_கர்னல்:
ஒவ்வொரு தடவையும் ரீபூட் செய்து சோதிப்பது வீண் வேலை. பட்டியலில் சி விசையை அழுத்தி, பேக்ரவுண்ட்_இமேஜ் கட்டளையோடு படத்தின் பாதையைக் கொடுங்கள். பிழை இருந்தால் அங்கேயே சொல்லிவிடும். பூட் தனிப் பார்ட்டிஷன் என்பதால் பாதை /கிரப் என்று தொடங்கும், /பூட் வராது.

பாஸ்வேர்ட் திரை கிரப்புடையது அல்ல, அதைக் காட்டுவது ப்ளிமத் என்ற தொடக்கத் திரை நிரல். படம் /யுஎஸ்ஆர்/ஷேர்/ப்ளிமத்/தீம்ஸ் கீழே அந்தந்தத் தீமின் கோப்புறையில் இருக்கும். இருக்கும் தீமைத் திருத்தாதீர்கள், அடுத்த அப்டேட்டில் போய்விடும். நகலெடுத்து வேறு பெயர் வையுங்கள். நகலின் .ப்ளிமத் கோப்புக்குள் உள்ள பாதைகளையும் மாற்ற வேண்டும். கடைசியில் ப்ளிமத்-செட்-டிஃபால்ட்-தீம் கட்டளை, கேப்பிடல் ஆர் (-R) கொடியோடு. அந்தக் கொடியை விட்டால் பழைய படமே வரும். ப்ளிமத் படத்தை எடுப்பது இனிட்ராம்எஃப்எஸ்ஸிலிருந்து (தொடக்கத்தில் நினைவகத்தில் ஏறும் சிறு கோப்புத் தொகுப்பு), அதை மறுபடி கட்டுவது அந்தக் கொடிதான். குறியாக்க வட்டு உள்ளவர் அதிக நேரம் பார்ப்பது இந்தத் திரையைத்தான், கிரப்பை விட இதற்கு மெனக்கெடுவது நல்லது.

பெங்குவின்_தாசன்:
ப்ரோக்ரஸிவ்தான். மாற்றியதும் வந்துவிட்டது, நன்றி. ஆனால் படம் பக்கவாட்டில் இழுபட்டுத் தெரிகிறது. எல்லாவற்றுக்கும் முன்னால் வரும் கம்பெனி லோகோவையும் மாற்றலாமா?

கட்டளைவரி:
கிரப் படத்தைத் திரையளவுக்கு இழுத்து நிரப்பும், விகிதம் பார்க்காது. சி அழுத்தி வீடியோஇன்ஃபோ ஓட்டினால் கிடைக்கும் அளவுகள் தெரியும். அதில் ஒன்றைக் கிரப்_ஜிஎஃப்எக்ஸ்மோட் வரியில் எழுதி, படத்தையும் அதே அளவுக்கு வெட்டுங்கள்.

லோகோ ஃபர்ம்வேரில் (கணினி போர்டிலேயே உள்ள நிரல், பயாஸ்) இருக்கிறது. திங்க்பேட் போன்ற சிலவற்றில் பயாஸ் அப்டேட்டோடு சொந்த லோகோவைச் சேர்க்க வழி உண்டு. தயாரிப்பாளர் வழி தரவில்லையென்றால் கை வைக்காதீர்கள். 2023 டிசம்பரில் வெளியான லோகோஃபெயில் என்ற பாதுகாப்பு ஓட்டைகள் இந்த லோகோவைப் படிக்கும் நிரலில்தான் இருந்தன. மாற்றுவதாக இருந்தால் முதலில் புதிய பயாஸ் போட்டுக்கொள்ளுங்கள்.