எபிடோப்: தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களுக்கு வணக்கம்.
அல்சைமர் ஆய்வகக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிவருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஏடி8 என்ற எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) பற்றிய பத்தியில் நிற்கிறேன். அல்சைமரில் நரம்புச் செல்லுக்குள் சிக்கலாகத் திரளும் புரதம் டௌ. 441 அமினோ அமிலங்கள் கொண்ட அந்தப் புரதத்தில், 202ஆம் இடத்துச் செரினிலும் 205ஆம் இடத்துத் திரியோனினிலும் பாஸ்பேட் ஏறியிருந்தால் ஏடி8 அங்கே போய் ஒட்டும். அந்தச் சிறு பகுதிதான் எபிடோப். ‘பற்றிடம்’ என்று எழுதியிருக்கிறேன். சரிதானா?
– செ.

செ. அவர்களுக்கு,
பற்று + இடம். புணர்ச்சியில் பழுதில்லை. ஆனால் பற்றுவது எது, பற்றப்படுவது எது? எதிர்ப்பொருளின் நுனியிலும் எபிடோப்பைப் பற்றும் ஓர் இடம் உண்டு, அது பாராடோப். வினைத்தொகை காலத்தோடு இதையும் மறைத்துவிடும். சுடுநீரில் நீர் சுடுகிறது. சுடுமண்ணில் மண் சுடப்படுகிறது. மாணவர் மாற்றிப் படிப்பார். ‘பிடிகொடுமுனை’ என்பேன். பிடிகொடுக்காமல் பேசுகிறான் என்கிறோமே, அந்தப் பிடிகொடுத்தல்.
– இரா.

இரா. ஐயா,
‘முனை’ வேண்டாம். புரதத்துக்கு அமினோ முனை, கார்பாக்சில் முனை என ஏற்கெனவே இரண்டு உண்டு. 202 சங்கிலியின் நடுப்பகுதியில் இருக்கிறது. ‘பற்றுக்கோடு’ என்ற பழஞ்சொல் இருக்கிறதே! பற்றப்படுவதைத்தான் அது குறிக்கும். ‘பற்றுக பற்றற்றான் பற்றினை’ என்ற குறளில் ‘பற்று’ எத்தனை பொருளில் வருகிறது என்று பாருங்கள். பற்றும் செயல், பற்றிய ஆசை...
– மு.

குறளை அப்புறம் பார்ப்போம். பற்றுக்கோடு என்றால் என் மாணவிகளுக்கு ஆதரவு, அடைக்கலம் என்றுதான் தோன்றும். நான் திசுச் சீவலை நுண்ணோக்கியில் காட்டுகிறேன். ஏடி8 ஒட்டிய நரம்புச் செல்லுக்குள் தீச்சுடர் போலப் பழுப்புச் சிக்கல் தெரியும். பக்கத்துச் செல் வெளிறிக் கிடக்கும். மூளை ஆய்வாளர் பிராக்கின் குழுவினர் 1991இல் வெள்ளிச் சாயத்தால் வகுத்த நோய்ப் படிநிலைகளை 2006இல் இதே ஏடி8 கொண்டு புதுக்கினார்கள். இந்தக் கட்டுரைகளையெல்லாம் நாளைக்கு அவர்கள் படிக்க வேண்டாமா? எபிடோப் என்றே எழுதுங்கள்.
– ந.

ந. அக்கா, அப்படியானால் எதிர்ப்பொருளையும் ஆன்டிபாடி என்று விட்டிருக்கலாமே. இலங்கைப் பாடநூல்களில் நாங்கள் ‘பிறபொருளெதிரி’ என்று படித்தோம். நீளம்தான், ஆனால் வேலை என்னவென்று சொல்லிலேயே தெரிந்தது. கையேட்டில் ஓரிடத்திலாவது அதையும் சேருங்கள், அண்ணா.
– யாழ்ப்பாணத்திலிருந்து கு.

அனைவருக்கும் நன்றி. முதலில் வரும் இடத்தில் ‘எபிடோப் எனும் பற்றிடம்’, பிறகு பற்றிடம். பிறபொருளெதிரி சொற்பட்டியலில் சேர்கிறது. மூவர் இதற்குச் சம்மதம் என்று தனியே எழுதினார்கள்.
– செ.

செ. அவர்களுக்கு,
எனக்குச் சம்மதமில்லை. பாராடோப்புக்குச் சொல் தேடும் அன்று இதே சிக்கல் திரும்ப வரும். குறைந்தது, ‘எதிர்ப்பொருளால் பற்றப்படும் இடம்’ என்று அடிக்குறிப்பாவது போடுங்கள்.
– இரா.