ஸ்பெயினில் ‘கிரி’ என்று யாரைச் சொல்கிறார்கள்? உங்கள் அனுபவம் என்ன?

வலென்சியாவில் வேலை பார்க்கிறேன். மொழி வகுப்பில் சொல்லித்தராத, ஆனால் தெருவில் இறங்கினால் காதில் விழுகிற சொல் ‘கிரி’. வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணி என்று அர்த்தம். பெரும்பாலும் ஆங்கிலேயர், ஜெர்மானியர் போன்ற வடக்கத்தி ஐரோப்பியர்களைத்தான் சொல்வார்கள். வெயிலில் இறாலாய்ச் சிவந்து, சாக்ஸ் மேல் செருப்பு மாட்டி, சாயங்காலம் ஆறு மணிக்கே இரவுச் சாப்பாடு தேடுபவர் என்றால் சந்தேகமே இல்லை, கிரிதான்.

போன கோடையில் ஆபீஸ் நண்பர்களோடு கடற்கரைப் பக்கம் சாப்பிடப் போயிருந்தேன். இரவு ஒன்பதரை இருக்கும். பக்கத்து மேசைக்குப் பெரிய தட்டில் பயேயா என்கிற வலென்சியா அரிசிச் சோறு வந்தது. என்கூட வந்த வலென்சியாப் பெண் முகத்தை அசைக்காமல், உதடு மட்டும் அசைய, “கிரிஸ்” (கிரிகள்) என்றாள். ஏனென்றால் இவர்களுக்குப் பயேயா மதியச் சாப்பாடு. கோழி, முயல், பட்டையான பச்சை பீன்ஸ், ‘கர்ரோஃபோ’ என்கிற பெரிய வெள்ளை அவரை எல்லாம் போட்டு, ஞாயிறு மதியம் குடும்பமாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். ராத்திரியில் அரிசி வயிற்றுக்குக் கனம் என்பார்கள். அவள் குரலில் வெறுப்பு இல்லை. நம் வீட்டு விருந்தாளி சாம்பாருக்கு முன்னால் மோர் ஊற்றிக்கொண்டால் நமக்கு வருமே, அந்தச் சிரிப்புதான்.

மறுமொழி, மத்ரீதிலிருந்து:
இந்தச் சொல் 19ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின் அரியணைக்காக நடந்த உள்நாட்டுச் சண்டையான கார்லிஸ்ட் போர்க் காலத்தது என்று பரவலாகச் சொல்வார்கள். ராணி மரியா கிறிஸ்தினாவின் ஆட்களுக்கு ‘கிறிஸ்தினோ’ (cristino) என்று பெயர். அது வடக்கு ஸ்பெயினின் பாஸ்க் மக்கள் வாயில் ‘கிரிஸ்தினோ’ (guiristino) ஆகி, பிறகு ‘கிரி’ (guiri) என்று சுருங்கியதாம். எதிரிப் படைக்காரனைக் குறித்த சொல் இப்போது பெர்முடா போட்டவனைக் குறிக்கிறது! ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வடிவம்தான். ‘கே கிரி எரெஸ்’ என்றால் ‘நீ சரியான கிரிப்பா’. நம்மைப் போன்ற இந்தியர்களை இப்படிக் கூப்பிட்டு நான் அதிகம் கேட்டதில்லை.

மறுமொழி, மாலகாவிலிருந்து:
எங்கள் கட்டடத்தில் ஒரு டச்சுக்காரர் இருக்கிறார். இங்கேயே கல்யாணம் செய்து, பிள்ளைகள் வளர்ந்து வேலைக்கும் போய்விட்டார்கள். ஆனாலும் அவர் கீழே பாருக்குள் நுழைந்தால், “நுயெஸ்த்ரோ கிரி!” என்று கல்லாவிலிருந்து சத்தம் வரும். ‘நம்ம கிரி’ வந்தாச்சு என்று அர்த்தம். அவரும் கையைத் தூக்கிக்கொண்டே உள்ளே வருவார். ஆனால் முன்பின் தெரியாதவரை முகத்துக்கு நேராக அப்படிச் சொன்னால் சண்டை வரலாம். பழகினவர்களிடம் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், நம்ம ஊரில் கிரி என்று பெயருள்ளவர்கள் இங்கே வந்தால் முழுப்பெயரையே சொல்லிவிடுங்கள்.